வாய் வாசித்தால் போதுமா?

ஆங்கில வகுப்பில் வாசிப்பும் சிந்தனையும்

ஒரு மொழியைக் கற்பதில் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என நான்கு திறன்கள் உண்டு என்பது நாம் அறிந்ததே. இவற்றுள் வாசித்தல்தான் எளிது என்று பலரும் எண்ணுகின்றனர். எழுத்துக் கூட்டத் தெரிந்துவிட்டால் வாசிக்கத் தெரிந்துவிட்டது என்றே கொள்கின்றனர். வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பிள்ளையை அழைத்து ஆங்கிலப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்கிறோம். அவள் தங்குதடையின்றி வாசித்துவிட்டால் நமக்குப் பெருமிதம். "வாசித்தாயே, அதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்?

இந்தக் கேள்வி ஏன் முக்கியமானது என்பதை ஒரு கணக்கு விளக்கும். 'அசர்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் கல்வி ஆய்வு நம் நாட்டின் கிராமப்புறங்களில் பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. 2023ஆம் ஆண்டில் அது 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களில், 14 முதல் 18 வயது வரை உள்ள 34,745 இளையோரைச் சந்தித்தது. எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 விழுக்காட்டினர். அப்படி வாசித்தவர்களிலும் பொருள் சொல்ல முடிந்தவர்கள் 73.5 விழுக்காட்டினர் மட்டுமே. அதாவது 100 பேரை நிறுத்தினால் 57 பேர் வாசிப்பார்கள். 42 பேர் பொருள் சொல்வார்கள். இடையில் உள்ள 15 பேரின் வாய் வாசிக்கிறது, மனம் வாசிக்கவில்லை.

வாசிக்கவே தெரியாதவளின் குறை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உதவிக்கு யாராவது வருவார்கள். இந்தப் பதினைந்து பேரின் குறையோ வெளியே தெரிவதில்லை. அவர்கள் வகுப்பில் தேறுகிறார்கள். மேல் வகுப்புக்கும் போகிறார்கள். சில வேளைகளில் தங்களுக்குப் புரியவில்லை என்பது அவர்களுக்கே தெரிவதில்லை. இக்கட்டுரை முதன்மையாக அவர்களை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது.

பொருள் தெரியாமல் முழு மதிப்பெண்

பொருள் தெரியாமல் எப்படித் தேற முடியும் என்று பெற்றோர் ஐயுறலாம். கீழ்க்கண்ட வாக்கியத்தைப் பாருங்கள்.

"குவாலி நேற்றுப் பந்திரையில் மிசுகினாள்; ஏனெனில் அவளுடைய தோமி சரலாகிவிட்டது."

இவை பொருளற்ற சொற்கள், வேண்டுமென்றே புனையப்பட்டவை. இனிக் கேள்விகளுக்கு விடையளியுங்கள். குவாலி எங்கே மிசுகினாள்? பந்திரையில். எப்போது? நேற்று. ஏன் மிசுகினாள்? அவளுடைய தோமி சரலாகிவிட்டதால். மூன்றும் சரியான விடைகள், முழு மதிப்பெண். ஆனால் குவாலி யார், பந்திரை என்பது ஊரா அடுப்பங்கரையா, மிசுகுதல் என்றால் அழுவதா ஆடுவதா என்று நமக்குத் தெரியாது.

ஆங்கிலப் பாடத்தில் பல மாணவியர் செய்வது இதுவே. கேள்வியில் உள்ள சொல் பாடத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள். கண்ணும் கையும் வேலை செய்கின்றன. அறிவுக்கு அங்கே வேலையில்லை. 'நோட்ஸ்' புத்தகம் கையில் இருந்தால் அந்தத் தேடலும் மிச்சம்.

இப்போது வேறு வகைக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "குவாலி மகிழ்ச்சியில் மிசுகினாளா, வருத்தத்தில் மிசுகினாளா? எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?" இதற்குப் பொருள் தெரியாமல் விடையளிக்க இயலாது. ஒரு வகுப்பில் வாசிப்பு நடக்கிறதா, வெறும் ஒலிப்பு நடக்கிறதா என்பதை அங்கே கேட்கப்படும் கேள்வியைக் கொண்டே அறிந்துகொள்ளலாம்.

இடையில் நிற்பவளுக்கு என்ன மிச்சம்?

ஆங்கிலம் கற்பிப்பதில் வாசிப்புக்கு முதலிடம் தரவேண்டும் என்று நம் நாட்டில் அழுத்தமாகச் சொன்னவர்களுள் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் குறிப்பிடத்தக்கவர். அவர் வங்காளத்தில் கல்வித்துறையில் பணியாற்றியவர்; டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை நடத்தியவர். 1926இல் வெளிவந்த அவருடைய நூல் வங்காளத்து மாணவர்களின் நிலையை ஆராய்கிறது. பள்ளியில் சேரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பை முடிக்காமல் இடையிலேயே நின்றுவிடுவதை அவர் கண்டார். அப்படி நிற்பவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன பயன் என்று கேட்டார்.

ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை இடையில் நிறுத்தினால் கையில் கிடைக்கும் தொகையைச் 'சரண்டர் வேல்யூ' என்கிறோம். கல்விக்கும் அப்படி ஒரு மதிப்பு உண்டு என்றார் வெஸ்ட். அரைகுறையாகக் கற்ற பேச்சு, பேச ஆளில்லாத ஊரில் விரைவில் மறந்துபோகும். பாதி கற்ற இலக்கணத்தால் ஒரு கடிதம்கூட எழுத முடியாது. ஆனால் பொருளறிந்து வாசிக்கும் பழக்கம் ஓரளவு வந்துவிட்டால், பள்ளியை விட்ட பிறகும் அவன் தானே மேலும் கற்றுக்கொள்ளலாம். ஆகவே அடிக்கடி வழங்கும் சொற்களைத் தேர்ந்து, புதிய சொற்களை அளவோடு புகுத்தி, எளிய வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். 1953இல் அவர் தொகுத்து வெளியிட்ட, ஏறத்தாழ 2,000 சொற்கள் கொண்ட பொதுச் சொற்பட்டியல் இன்றும் ஆங்கில ஆசிரியர்களிடையே பேசப்படுகிறது.

ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி ஒரகடத்தைச் சுற்றி வாழும் நமக்கும் உரியது. பன்னிரண்டாம் வகுப்புடன் நின்று தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணின் கையில் நம் ஆங்கில வகுப்பு எதைக் கொடுத்து அனுப்புகிறது?

பனிப்பந்தும் ரயில் அட்டவணையும்

நம் மாநிலத்திலேயே இது குறித்து இரண்டு பெரும் முயற்சிகள் நடந்துள்ளன.

முதலாவது, 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் அன்றைய சென்னை மாநிலத்தில் நடந்தது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்கத் திட்டமிட்டனர். முதலில் ஒரு குழுவினர் பயிற்சி பெறுவர். அவர்கள் பிறருக்குப் பயிற்சி தருவர். அப்பிறர் மேலும் பலருக்குத் தருவர். பனிமலையில் உருளும் பந்து போகப்போகப் பருப்பது போல் இது பெருகும் என்பதால் இதற்குச் 'சென்னைப் பனிப்பந்து' என்று பெயர். பனியையே காணாத ஊருக்கு இப்படி ஒரு பெயர்! அப்போது கற்பிக்கப்பட்டது வாக்கியக் கட்டமைப்பு முறையாகும். ஆசிரியை பேனாவைக் காட்டி 'திஸ் இஸ் எ பென்' என்பார். வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். இம்முறையால் ஆங்கில வாக்கியம் காதுக்கும் நாவுக்கும் பழகியது. அது ஒரு நன்மைதான். ஆனால் பேனாவைப் பேனா என்று சொல்வதில் யாருக்கும் எதுவும் புதிதாகத் தெரியவருவதில்லை. அங்கே சிந்திக்க ஒன்றுமில்லை.

இரண்டாவது முயற்சி 1979இல் தொடங்கி 1984 வரை நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் என்.எஸ்.பிரபு. அவர் அப்போது சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலராக இருந்தார். பெங்களூரிலும் சென்னையிலும் வேறு சில இடங்களிலும் சாதாரணப் பள்ளி வகுப்புகளில் அவரும் அவருடைய குழுவினரும் பாடம் நடத்தினர். மாணவர் வகுப்பறையில் சரியாகச் சொன்ன வாக்கியத்தை வெளியே பயன்படுத்தத் தெரியாமல் நிற்பது ஏன் என்பதே அவர்களுடைய கவலை. மாணவரின் கவனம் முழுவதும் பொருளில் இருக்கும்போது இலக்கணம் தானாகவே மனத்தில் படியும் என்பது பிரபுவின் துணிபு. ஆகவே இலக்கண வரிசையை ஒதுக்கிவைத்து, மாணவர்க்குச் சிறுசிறு அறிவு வேலைகளைக் கொடுத்தார். ரயில் கால அட்டவணை, ஊரின் வரைபடம் போன்றவை அங்கே பாடப் பொருள்களாயின.

அம்முறையில் ஒரு பாடம் எப்படி நடக்கும் என்பதை நாமே ஓர் உதாரணம் அமைத்துப் பார்க்கலாம். கரும்பலகையில் ஆங்கிலத்தில் ஒரு கற்பனைப் பேருந்து அட்டவணை எழுதப்பட்டுள்ளது. முதல் பேருந்து ஒரகடத்திலிருந்து 7.10க்குப் புறப்பட்டு 8.05க்குத் தாம்பரம் சேரும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இரண்டாவது 7.40க்குப் புறப்பட்டு 8.45க்குச் சேரும்; எல்லா நாளும் உண்டு. மேரிக்குத் தாம்பரத்தில் காலை 9 மணிக்குத் தேர்வு. பேருந்து நிலையத்திலிருந்து தேர்வுக்கூடத்துக்கு 20 நிமிட நடை. அன்று ஞாயிற்றுக்கிழமை. மேரி என்ன செய்யவேண்டும்?

இதற்கு விடை அட்டவணையின் எந்த வரியிலும் இல்லை. முதல் பேருந்து ஞாயிறன்று இல்லை. இரண்டாவதில் சென்றால் 9.05க்குத்தான் கூடத்தை அடைவாள். ஆகவே முதல் நாளே சென்று உறவினர் வீட்டில் தங்கவேண்டும், அல்லது வேறு வழி காணவேண்டும். 'எக்செப்ட் சண்டே' என்ற இரண்டு சொற்களைக் கவனிக்காதவள் மேரியை இல்லாத பேருந்தில் ஏற்றிவிடுவாள்!

இத்தகைய வேலைகளைப் பிரபு மூன்றாகப் பகுத்தார். ஒருவரிடம் உள்ள தகவலை மற்றவருக்குக் கடத்துவது முதல் வகை. உள்ள தகவலிலிருந்து இல்லாத தகவலைக் காரண காரியத்தோடு வருவிப்பது இரண்டாம் வகை. மேரியின் கணக்கு இதைச் சேர்ந்தது. தம் கருத்தையோ உணர்வையோ சொல்வது மூன்றாம் வகை. இவற்றுள் இரண்டாம் வகையே நம் வகுப்புகளுக்கு மிகவும் ஏற்றது என்று அவர் கண்டார். அதில் விடை சரியா தவறா என்பதைக் காரணத்தைக் கொண்டு தீர்மானிக்கலாம். கூச்சமுள்ள மாணவியும் காரணத்தைப் பற்றிக்கொண்டு துணிந்து பேசலாம்.

வேலை எவ்வளவு கடினமாக இருக்கலாம் என்பதற்கும் அவர் ஓர் அளவுகோல் வைத்தார். வகுப்பில் குறைந்தது பாதிப் பேராவது அந்த வேலையில் பாதியையாவது சரியாகச் செய்யவேண்டும். எல்லோரும் எல்லாவற்றையும் செய்துவிட்டால் அது மிக எளிது. யாராலும் முடியாவிட்டால் அது வீண். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதோடும் உரையாடி ஒரு வேலையைச் செய்து காட்டுவார். பிறகு அதுபோன்ற மற்றொன்றை ஒவ்வொருவரும் தனியே செய்வர்.

பலன் என்ன? ஆலன் பெரட்டா, ஆலன் டேவிஸ் என்ற இருவர் இவ்வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டு 1985இல் தம் முடிவை வெளியிட்டனர். கற்ற மொழியைப் புதிய சூழலில் பயன்படுத்தும் தேர்வுகளில் பிரபுவின் மாணவர்கள் பொதுவாக மேலோங்கினர். வாக்கியக் கட்டமைப்பைச் சோதித்த தேர்வில் வழக்கமான வகுப்பினர் மேலோங்கினர். எதைப் பயிற்றுவித்தோமோ அதுவே விளைகிறது என்பதற்கு இது நல்ல சான்று. அந்த ஒப்பீட்டில் குறைகள் உண்டு என்பதையும் அவ்விருவரே எடுத்துரைத்தனர். தம் முடிவின் எல்லையைத் தாமே சொல்வது சிறந்த அறிவாளர் பண்பு. நம் மாணவியர் கற்கவேண்டியதும் இதுவே.

ஆய்வுச் சிந்தனை என்பது யாது?

இனி, 'கிரிட்டிக்கல் திங்கிங்' என்று இன்று எங்கும் சொல்லப்படுகிறதே, அதைப் பார்ப்போம். குற்றம் கண்டுபிடிப்பது என்று சிலர் இதற்குப் பொருள் கொள்கின்றனர். அது தவறு. நெல்லைப் புடைக்கும் தாய் நெல்லின் மேல் கோபம் கொண்டு புடைப்பதில்லை. பதரை நீக்கி மணியைக் காப்பதற்கே புடைக்கிறாள். ஆய்ந்து சிந்திப்பதும் அவ்வாறே. சொன்னவர் யாராயினும் சொல்லப்பட்டதன் உண்மையைத் தேடவேண்டும் என்று திருவள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வற்புறுத்துகிறார். ஆகவே இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு அன்று.

நம் ஊரைப் பற்றிய செய்தியையே எடுத்துக்கொண்டு இதனை விளக்கலாம். 2022ஆம் ஆண்டில் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறையினர் அகழாய்வு நடத்தினர். அச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. சுமார் 75 செ.மீ. ஆழத்தில் கற்கருவிகள் கிடைத்தன. அவை ஏறத்தாழ 12,000 ஆண்டுப் பழமையானவை எனக் கருதப்படுகிறது. உரோமானியச் சாடிகளின் ஓடுகளும் கண்ணாடி மணிகளும் கிடைத்தன. அச்செய்தியின் சாரம் இதுதான். இதனை எளிய ஆங்கிலத்தில் ஐந்தாறு வாக்கியங்களாக எழுதி எட்டாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ கொடுத்தால், கீழ்க்கண்ட கேள்விகள் எழும்.

1. கண்டது எது? கருதியது எது? கல் கிடைத்தது, அது கண்டது. ஆழம் 75 செ.மீ.; அது அளந்தது. 12,000 ஆண்டு என்பது கண்டதோ அளந்ததோ அன்று, அறிஞர்கள் கருதியது. ஆங்கிலத்தில் 'பிலீவ்ட் டு பி', 'அபவுட்', 'மே' போன்ற சிறு சொற்கள் இந்த வேற்றுமையைக் காட்டுகின்றன. வாசிப்பில் நாம் தாண்டிச் செல்வது பெரும்பாலும் இச்சிறு சொற்களைத்தான்.

2. அவருக்கு எப்படித் தெரியும்? ஆழத்தைக் கொண்டு மட்டும் வயதைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. ஓரிடத்தில் மழைநீர் மண்ணை அரித்திருக்கலாம். வேறிடத்தில் ஏரி வண்டலைக் குவித்திருக்கலாம். கருவியின் வடிவம், அது கிடந்த மண்ணடுக்கு, ஆய்வுக்கூடச் சோதனை ஆகியவை சேர்ந்தே வயதை உறுதி செய்யும். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த ஒரு வகைக் கற்கருவிகள் ஏறத்தாழ 3,85,000 ஆண்டுப் பழமையானவை என்று 2018இல் அறிவிக்கப்பட்டது. மணல் துகள்கள் கடைசியாக எப்போது ஒளியைக் கண்டன என்று அளக்கும் முறையால் அக்காலம் கணிக்கப்பட்டது. 'எப்படி' என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்கிறது.

3. இதிலிருந்து அது பெறப்படுமா? "உரோமானியச் சாடியின் ஓடு கிடைத்ததால் உரோமானியர் இவ்வூரில் வாழ்ந்தனர்" என்று ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாட்டி வீட்டுப் பரணில் சிங்கப்பூர்க் கோடாலித் தைலப் புட்டி இருந்தால், சிங்கப்பூர்க்காரர் அவ்வீட்டில் குடியிருந்தார் என்று சொல்வோமா? பொருள் கைமாறி வந்திருக்கலாம். கடல் வாணிகத்தின் வழியே வந்த பொருள் இங்கே எட்டியிருக்கிறது என்பது வரையில் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேறு சான்று வேண்டும்.

4. இதை நம்பவேண்டும் என்று நான் ஏன் விரும்புகிறேன்? இது மிகவும் நுட்பமான கேள்வி. நம் ஊரின் பெருமை பேசும் செய்தி என்றால் நாம் ஆராயாமல் தலையசைத்துவிடுவோம். "உலகின் முதல் மனிதன் எங்கள் ஊரில்தான் பிறந்தான்" என்று கைப்பேசியில் ஒரு செய்தி வந்தால் உடனே பத்துப் பேருக்கு அனுப்புவோம். நம்மைப் புகழும் செய்தியைத்தான் அதிகமாகச் சோதிக்கவேண்டும். ஏனெனில் அங்கேதான் நம் காவல் தளர்கிறது. உண்மையான பெருமைக்குச் சோதனையால் குறைவு வராது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் இராபர்ட் புரூஸ் புட் என்ற புவியியலாளர் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி அதிலிருந்தே தொடங்கியது என்பர். அந்தப் பெருமை நூற்றறுபது ஆண்டுச் சோதனைக்குப் பிறகும் நிலைத்து நிற்கிறது.

இப்பாடத்தை ஊரைப் பற்றியதாகத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தெரியாத பொருளைப் பற்றித் தெரியாத மொழியில் சிந்திப்பது இயலாத காரியம். நூறு சொற்களில் ஐந்துக்கு மேல் அறியாத சொற்களாயின் பொருள் பிடிபடுவது கடினம் என்று வாசிப்பு ஆய்வாளர் கூறுவர். பொருளாவது தெரிந்ததாக இருந்தால் சொற்களை ஊகித்துக்கொள்ளலாம். ஏரிக்கரையையும் செம்மண்ணையும் அன்றாடம் பார்க்கும் பெண்ணுக்கு, அதைப் பற்றிய ஆங்கில வாக்கியம் பாதி புரிந்த வாக்கியமே.

அதுபோலவே, சிந்தனை முதலில் தமிழில் எழுமானால் அதைத் தடுக்கவேண்டியதில்லை. "மிஸ், ஆழத்தை வைத்து எப்படி வயசு சொல்றாங்க?" என்று ஒரு மாணவி தமிழில் கேட்டால், அவள் ஆங்கிலப் பாடத்தை நன்றாக வாசித்துவிட்டாள் என்றே பொருள். அக்கேள்வியை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்பது என்பதை அடுத்த படியாகக் கற்பிக்கலாம். ஆங்கிலத்தில் பேசவில்லை என்று அவளை அடக்கிவிட்டால் கேள்வியும் போகும், ஆங்கிலமும் வராது.

வாழ்க்கைத் தாள்கள்

இந்தப் பயிற்சி தேர்வோடு முடிவதன்று. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை உள்ள தொழிற்சாலைகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்கிறார்கள். வேலைக்குச் சேரும் நாளில் ஒரு பெண் கையொப்பமிடும் தாள்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். அவற்றில் பெரிய சொற்கள் அவளை அச்சுறுத்துகின்றன. ஆனால் ஏமாற்றம் தருபவை பெரும்பாலும் சிறிய சொற்களே.

'அப் டு 18,000' என்றால் மாதம் 18,000 ரூபாய் கிடைக்கும் என்பதன்று. 18,000க்கு மேல் போகாது என்பதே பொருள். 'மே பி கன்ஃபர்ம்ட்' என்றால் நிரந்தரமாக்கப்படலாம் என்பது பொருள், ஆக்கப்படுவார் என்பதன்று. 'ஷல்' என்றால் அது கட்டாயம். 'அன்லெஸ்', 'எக்செப்ட்', 'சப்ஜெக்ட் டு' ஆகியவை வந்தால் அங்கே ஒரு நிபந்தனை இருக்கிறது, நின்று வாசிக்கவேண்டும். 'ஆண்ட்' வருமிடத்தில் இரண்டும் வேண்டும். 'ஆர்' வருமிடத்தில் ஒன்று போதும். இயந்திரத்தின் மேல் ஒட்டியுள்ள எச்சரிக்கையில் 'பிஃபோர்' என்பதை 'ஆஃப்டர்' என்று மாற்றிப் புரிந்துகொண்டால் ஒரு விரலே போய்விடக்கூடும்.

மருந்துப் புட்டியும் அப்படியே. உணவுக்கு முன்னா பின்னா, குலுக்கவேண்டுமா, எந்த மாதத்துக்குப் பின் பயன்படுத்தக் கூடாது என்பவை அதில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. வீட்டில் அதை வாசிக்கக்கூடியவள் பள்ளிக்குச் செல்லும் மகள் ஒருத்தியே என்ற குடும்பங்கள் நம்மிடையே பல. பாட்டியின் உடல்நலம் அவளுடைய வாசிப்பை நம்பியிருக்கிறது. அந்த இடத்தில் உச்சரிப்பின் அழகு உதவாது.

கேள்வி கேட்கும் பெண்

இங்கே பெற்றோரின் மனத்தில் ஓர் அச்சம் எழலாம். எல்லாவற்றுக்கும் ஏன், எப்படி என்று கேட்கப் பழகிய பெண் வீட்டில் அடங்கி நடப்பாளா? பெரியவர்களை மதிப்பாளா? இந்த அச்சத்தை எள்ளி நகையாடுவது சரியன்று. மகளின் நலம் கருதியே அது எழுகிறது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். கேட்காமல் கேட்டதை நம்பும் பழக்கம் நல்லவர் சொல்லுக்கு மட்டும் பணியாது. தீயவர் சொல்லுக்கும் அதே பணிவோடு பணியும். தாயின் சொல்லை ஆராயாமல் ஏற்றவள், "சென்னையில் நல்ல வேலை, முன்பணம் மட்டும் கட்டினால் போதும்" என்று சொல்லும் தரகரின் சொல்லையும் ஆராயாமல் ஏற்பாள். கைப்பேசியில் வரும் "உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது" என்ற ஆங்கிலச் செய்தியையும் நம்புவாள். மகளைச் சுற்றி நாம் எழுப்பும் மதில் நாம் உடன் இருக்கும் வரைக்கும்தான். அவளுடனேயே செல்லும் காவல் அவளுடைய கேள்விதான்.

மேலும், கேள்விக்கும் மரியாதைக்கும் பகையில்லை. "நீங்கள் சொல்வது தவறு" என்பது வேறு. "இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை, சொல்லுங்கள்" என்பது வேறு. ஆங்கில வகுப்பிலேயே இந்தப் பணிவான கேள்வி வடிவங்களைக் கற்பிக்கலாம். அத்துடன், பிறரைக் கேட்பதற்கு முன் "நான் நினைப்பது சரிதானா?" என்று தன்னையே கேட்கப் பழகவேண்டும். அப்படிப் பழகியவளிடம் அகந்தை வளராது, அடக்கமே வளரும்.

நாம் செய்யக்கூடியவை

வகுப்பில்: ஒரு பாடத்தில் ஐந்து கேள்வி கேட்டால், அவற்றுள் இரண்டாவது எந்த வரியிலும் நேரடியாக விடையில்லாத கேள்விகளாக இருக்கட்டும். விடையோடு நிறுத்தாமல் "எந்தச் சொல்லைக் கொண்டு அப்படிச் சொல்கிறாய்?" என்று கேட்பது வழக்கமாகட்டும். உரக்க வாசிக்கும் முன் இரண்டு நிமிடம் மௌனமாக வாசிக்க இடம் கொடுக்கலாம். உரக்க வாசிப்பவளின் கவனம் நாவில் இருக்கும். மௌனமாக வாசிப்பவளின் கவனம் பொருளில் தங்கும். விடை தவறானாலும் காரணம் சொன்னவளை முதலில் பாராட்டவேண்டும். பிறகு காரணத்தில் எங்கே பிழை என்பதை வகுப்பே கண்டுபிடிக்கட்டும்.

மாணவியர்க்கு: தேர்வில் மதிப்பெண் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பாடத்தில் இல்லாத புதிய பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்கும்போது எந்த 'நோட்ஸ்' கைகொடுக்கும்? வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடி, படித்ததைத் தமிழில் தோழிக்கு மூன்று வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாத இடமே உங்களுக்குப் புரியாத இடம். அங்கே மட்டும் திரும்பிச் செல்லுங்கள். தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைப் புரட்டவேண்டாம்; முதலில் ஊகியுங்கள், பிறகு சரிபாருங்கள்.

பெற்றோர்க்கு: ஆங்கிலம் தெரியாத தாயும் தந்தையும் இதில் உதவ முடியாது என்று எண்ணவேண்டாம். "இதில் என்ன எழுதியிருக்கிறது?", "அப்படி என்று யார் சொன்னார்?", "அவருக்கு எப்படித் தெரியுமாம்?" என்ற மூன்று கேள்விகளையும் தமிழிலேயே கேட்கலாம். மின்சாரக் கட்டணச் சீட்டு, அரிசிப் பையின் மேல் உள்ள எழுத்து, மருந்துப் பெட்டி ஆகியவற்றை மகளிடம் கொடுத்துப் பொருள் சொல்லச் சொல்லுங்கள். அவள் விழித்தால் கடிந்துகொள்ளவேண்டாம். புரியவில்லை என்று துணிந்து சொல்லும் பிள்ளை, புரிந்தது போல் நடிக்கும் பிள்ளையைவிட மேலானவள். அந்தத் துணிவு வீட்டில்தான் முதலில் வளரவேண்டும்.

ஆய்வு காட்டிய அந்தப் பதினைந்து பேர் எங்கோ தொலைவில் இருப்பவர்கள் அல்லர். அவர்களில் ஒருத்தி நம் வகுப்பிலும் இருக்கலாம். அழகாக வாசித்துவிட்டு அமைதியாக அமர்ந்திருக்கலாம். நாளை அவள் வாசித்து முடித்ததும் "மிக நன்று" என்பதோடு நிறுத்தாமல், "இதில் என்ன சொல்லியிருக்கிறது?" என்று அன்போடு ஒரு கேள்வி கேட்போம்.